பன்னிரண்டு பேர்

விருப்பப் பாடத்துக்குப் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அந்தப் பருவத்தில் வகுப்பு கிடையாது. எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அது. போன வருடம், பதிவின் கடைசி நாள் மதியம், என்னுடைய 'இன்றைய ஸ்பானிஷ் இலக்கியம்' பாடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஐந்து மணிக்குப் பதிவு முடிந்துவிடும்.

போவது வகுப்பு மட்டுமல்ல. என் ஆய்வுக்கான நாவல்களை நூலகம் ஸ்பெயினிலிருந்து தருவிப்பதே இந்தப் பாடத்தின் பேரில்தான். ஆறு வருட ஆய்வு பாதியில் நிற்கும். "பிசினஸ் ஸ்பானிஷ்னு ஏதாவது எடுங்களேன்" என்றார் துறைத்தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கேன்டீனுக்குப் போனேன்.

மேசை மேசையாகப் போய் மாணவர்களிடம் கெஞ்சினேன். வெட்கம், மானம் எதையும் பார்க்கவில்லை. சாம்பார் சாதத்திலிருந்து தலை நிமிராமலே "யோசிக்கிறோம் மேம்" என்றார்கள். நாலரை மணிக்கு, முன்பு என்னிடம் அடிப்படை ஸ்பானிஷ் படித்த ஒரு பெண்ணைப் பேருந்து வரிசையில் பிடித்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை.

"டேட்டா சயின்ஸ் போட்டுட்டேனே மேம். அத்த உட்டுட்டு இத்த எடுத்தா வேலை கெடைக்குமா?"

நாவல் எதற்கு என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசக்கூடியவள் நான். அன்று பேசவில்லை.

"கெடைக்கும்மா. அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில ஆள் தேடறாங்க. இலக்கியம் வரைக்கும் படிச்சவங்கதான் வேணுமாம்."

அப்படி ஒரு கம்பெனி இல்லை. அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். போனை எடுத்துப் பாடத்தை மாற்றினாள். அன்று கள்ளிக்குப்பத்தில் பேருந்திலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய், சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நினைத்தால் அந்தத் தூக்கம்தான் இன்றும் கூசுகிறது.

மறுவாரம் முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். வாசலில் அவளும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து, சீருடையோடு நேராக வந்திருந்தார்.

"கம்பெனி பேரை மட்டும் சொல்லுங்க மேடம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, இப்பவே சொல்லி வெச்சிடுவேன்."

பதிவு முடிந்திருந்தாலும், மாற்றிய பாடத்தை விட்டுப் பழைய பாடத்துக்குத் திரும்ப விதிப்படி அவளுக்கு இன்னும் இரண்டு நாள் அவகாசம் இருந்தது. உண்மையைச் சொன்னால் நாங்கள் மறுபடியும் பதினோரு பேர். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.