வெயில் என்று நான் சொன்ன பொய்

போன வருடம் சம்பா அறுவடை முடிந்த சமயம். பாகூர் பக்கம் எங்கள் ஊரில், அறுவடையான என் வயலில்தான் இது நடந்தது. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் கபடி ஆடியவன். பள்ளி மாணவிகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க ஓர் இளம்பெண் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பள்ளி மைதானம் கட்டாந்தரை, விழுந்தால் தோல் உரியும் என்பதால் என் வயலைக் கொடுத்திருந்தேன்.

கரும்புச் சோகை திணித்த சாக்குகளைக் கட்டிப் பிடித்து விழப் பழகினார்கள். முதலில் முட்டி போட்டு, பிறகு குந்தியபடி, அப்புறம் நடந்து. ஓடுகிறவளைப் பிடிக்கும்போது தலை அவளுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஓயாமல் சொல்வார். வரப்பில் நின்று நான் கேலி செய்வேன்.

“இன்னாம்மா, மேட்ச்லயும் முட்டி போட்டுத்தான் ஆடுவீங்களா?”

“அவசரம் இல்ல சார்” என்று சிரிப்பார்.

ஒரு நாள் அவர் வரத் தாமதமானது. நானே வயலில் இறங்கினேன். துடிப்பான ஒரு மாணவியைக் கூப்பிட்டு, ஓடிவரும் இன்னொருத்தியைக் கபடியில் மறிப்பதுபோல் முன்னால் புகுந்து பிடிக்கச் சொன்னேன்.

“தலைய பின்னாலதான் வைக்கணும்னு மேடம் சொல்வாங்க சார்.”

“நான் சொல்றேன்ல, பூந்து புடிடி!”

புகுந்தாள். ஓடிவந்தவளின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. கண் மூடிக் கிடந்தாள். தண்ணீர் தெளித்ததும் விழித்தாள். விழித்தவனை மறுபடி ஆட விடுவதுதான் எங்கள் காலத்துக் கபடி வழக்கம். “ஒண்ணுமில்ல, எழுந்து ஓடு” என்றேன். கொஞ்ச தூரம் ஓடி வாந்தி எடுத்தாள்.

அப்போதுதான் பயிற்சியாளர் வந்தார். “இன்னா ஆச்சு சார்? அடிபட்டுச்சா?”

“வெயில்தாம்மா, தலை சுத்துது” என்றேன். மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊருக்கே ‘சார்’, வயலும் என்னுடையது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

வெயில் என்று நம்பி, அடுத்த வாரமே அவளை ஆட விட்டார் பயிற்சியாளர். தோளில் லேசாக ஓர் இடி பட்டதற்கே சுருண்டு விழுந்தாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவள் அப்பா அங்கேயே கத்தினார்: “பொம்பளப் புள்ளைங்கள இப்படியா மோத வுடுவ?”

“என் தப்புதாண்ணா” என்று பயிற்சியாளர் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “மேடத்த இனிமே வர வேணாம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களாம் சார். நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க சார்.”

வெளியே பெஞ்சில் இருந்த அவள் அப்பாவிடம் அப்போதே சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கிருந்து நேராகப் பயிற்சியாளர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“எவ்ளோ நேரம் சார் கண்ணு தொறக்காம இருந்தா?”

எனக்குத் தெரியவில்லை.

“தலையில அடின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அது ஆறுற வரைக்கும் அவள நான் ஆடவே வுட்டிருக்க மாட்டேனே சார்” என்றார்.

இப்போது அதே பயிற்சியாளரை வைத்துப் பயிற்சி மறுபடி நடக்கிறது. அடிபட்ட மாணவிக்கு மட்டும் ஆட டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, “தலைய பின்னால வைடி” என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்துகிறாள். முதல் அடிக்கு என் அறியாமைதான் காரணம் என்று ஏதோ மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இரண்டாவது அடிக்கு எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.