சமவெளிக்கு இரண்டு பூசாரிகள்

அக்கா குவைத்திலிருந்து ஒன்றரை மாத லீவில் வந்தபோது, எல்லோருக்கும் சோப்பும் சால்வையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு பளபளப்பான பெட்டியை என் மடியில் வைத்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டு. அட்டையில் ஒரு குதிரை, அதற்குப் பின்னால் முடிவே தெரியாத புல்வெளி. அவள் வேலை செய்த வீட்டின் மூத்த மகள் இதைத்தான் விளையாடுவாளாம். அக்கா பக்கத்தில் நின்று துணிக்கு அயன் போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

"சண்டையெல்லாம் எனக்கு வேணாம் புள்ள. அந்தக் குதிரையில ஏறி சும்மா போகணும். ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல, பாத்தியா?"

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடைக்குப் போனால் இறக்கம், வீடு திரும்பினால் ஏற்றம். தட்டையாக இருந்தது வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல் மட்டும்தான். அதனால் அவள் ஆசை எனக்கு உடனே புரிந்தது. நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. ஒரு கோர்ஸ் படிப்பதற்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் எங்கள் அறை மூலையில் சேலை போர்த்தி இருந்தது. தோட்டத்திலேயே அது ஒன்றுதான்.

டிஸ்க்கைப் போட்டோம். குதிரை வரவில்லை. லாஞ்சர் என்று ஒன்று வந்தது. விளையாட்டைத் திறந்துவிடுவதற்கென்றே இன்னொரு புரோகிராம். அதற்கு இன்டர்நெட் வேண்டுமாம், கணக்கு ஒன்று திறக்க வேண்டுமாம். கடையில் பெட்டியோடு வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுவந்த சாமானுக்கு யாரிடம் அனுமதி கேட்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் அப்போது போனுக்கே ஜன்னலில் தொங்கினால்தான் சிக்னல்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பதுளை ரயிலில் ஏறினோம். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஹாலிஎல தாண்டும்போது எதிரே இருந்த அம்மா ஒருத்தி, "புள்ளைக்கு என்னாங்க, காய்ச்சலா?" என்று கேட்டாள். அக்கா சிரிக்காமல், "ஆமாங்க, கண்ணே தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கொமினிகேஷன் கடை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"உது பெரிய கரைச்சல் தங்கச்சி. இஞ்ச லைன் ஆமை மாதிரி. சரி, வையுங்கோ, பாப்பம்."

கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்டது. எத்தனை வருடம் போனாலும் மறக்காதது எது என்று யோசித்து, அக்கா அம்மாவின் நம்பரைச் சொன்னாள். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கூப்பிடுகிற நம்பர். தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ரகசியம் என்று வைத்தோமே ஒரு ரகசியம்!

அந்த லாஞ்சர் திறந்ததும், அதற்குள்ளிருந்து விளையாட்டுக் கம்பெனியின் சொந்த லாஞ்சர் எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு கணக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இரண்டு பேர். பிறகு அப்டேட். பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் சொக்கியது. பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, நான்கு நாள் கழித்துத் தூக்கிப் போனோம். வீட்டில் போட்டால் மறுபடியும் இன்டர்நெட் கேட்டது. இன்டர்நெட் இல்லாமல் விளையாட ஒரு வழி உண்டாம். அதை இன்டர்நெட் இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்த மகராசனை எங்கள் ஏற்றத்தில் ஒருநாள் பெட்டி சுமக்க வைக்க வேண்டும்.

மறுபடியும் கம்பளி, மறுபடியும் ரயில். கடைசியில் புல்வெளி திறந்தபோது அக்காவின் லீவில் மூன்று நாள்தான் மிச்சம்.

அந்த மூன்று நாளும் அவள் யாரோடும் சண்டை போடவில்லை. குதிரையில் போய்க்கொண்டே இருந்தாள். வெளியே மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. உள்ளே திரையில் வெயில். நான் அவள் தோளில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடப்பேன். புல் அசைவதும் அவள் மூச்சும் ஒன்றாகிவிடும். எங்கே போகிறோம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சும்மா நான் இருந்ததே இல்லை.

அவள் குவைத்துக்குத் திரும்பிப் போன பிறகு, இன்டர்நெட் பிடிக்கும் டொங்கிள் வந்த காலத்தில், கம்ப்யூட்டரை ஜன்னலோரம் நகர்த்தினேன். நானும் அவள் கணக்கிலேயே அந்தப் புல்வெளியில் அலைய ஆரம்பித்தேன். இதற்கிடையில் அக்காவிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம். ஏஜென்சிக்காரர், "விசாரிக்கிறோம்" என்ற ஒரே சொல்லோடு நின்றார். அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளையாடிக்கொண்டிருந்தபோது திரை என்னை வெளியே தள்ளியது. இந்தக் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்றது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாமாம். திருட்டுப் பயல் எவனோ என்று கொதித்துப்போய் மறுபடியும் நுழைந்தேன். மறுபடியும் தள்ளியது. விடாமல் நுழைந்தேன். மூன்றாம் தடவை தள்ளியபோதுதான் புத்தி வந்தது. நம்பர் தெரிந்தவர்கள் தோட்டம் முழுக்க உண்டு. ஆனால் தோட்டத்தில் வேறு கம்ப்யூட்டர் ஏது? வெள்ளிக்கிழமை குவைத்தில் அக்காவின் வீட்டுக்காரர்கள் வெளியே போகிற நாள். மகளுடைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். ஐயோ, அவளுக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் அவளை இரண்டு தடவை நான் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். கையை எடுத்துவிட்டு அழுதேன்.

அம்மா கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள். சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அப்ப அவ நல்லாத்தான் இருக்காளா?"

"குதிர ஓட்டுறாம்மா."

"நீ திரும்ப உள்ள போகாத. அவ இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அக்கா வருவதற்கு முன்பே உள்ளே போய், குதிரையை நிறுத்திவிட்டு, அவள் வந்து என்னைத் தள்ளட்டும் என்று காத்திருந்தேன். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளி ரொம்ப நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. புல் அசைந்துகொண்டே இருந்தது. அம்மாவின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு திரை கறுத்து, அந்த அறிவிப்பு வந்தது.

"தள்ளிட்டாளா?"

"தள்ளிட்டாம்மா."

அம்மா எழுந்து, சோறு போடப் போனாள்.