திவான் தாத்தாவின் உத்தியோகம்

அப்பா ஆக்லாந்தில் எங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்ப ஒரு வாரம்தான் பாக்கி. இந்த வயதில் மறுபடி விமானம் ஏறுவார் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை, எனக்கும்தான். அவரும் என் மகளும் மனக்கசப்பில்லாமல் பிரிய வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுதல்.

இருவருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். இங்கேயே லின்ஃபீல்டில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். வாயைத் திறந்தால் ஆங்கிலம். அவள் பேசும் வேகம் பிடிபடவில்லை என்று அப்பா வந்த அன்றே கைவிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அப்பா தன் தாத்தாவின் கதையை எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்தில், ஒரு சின்ன சமஸ்தானத்தில், அடுத்தடுத்து மூன்று ராஜாக்களுக்குத் திவானாக இருந்தவர். சமஸ்தானத்தைக் கண்காணிக்க வெள்ளைக்கார அரசு வைத்த ரெசிடெண்ட் துரை ஆங்கிலத்தில் கத்துவதை ராஜாவுக்குத் தமிழில் சொல்வதும் அவர் வேலைதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "குதிரைப் பைத்தியத்தை விடாவிட்டால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவோம்" என்று துரை சீறினால், "மகாராஜாவின் முதுகுவலியை நினைத்துத் துரை கவலைப்படுகிறார்" என்பாராம். "அந்தத் தடியனை வெளியே போகச் சொல்லும்" என்று ராஜா உறுமினால், துரைக்கு மகாராஜாவின் நன்றி போய்ச் சேரும்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். வெள்ளைக்காரனுக்குக் கூஜா தூக்கியவர்தானே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பட்டென்று கேட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் சமாளிக்கத் தாத்தா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்னு கேக்கிறாப்பா" என்றேன். மகள் மறுபடி வாயைத் திறக்குமுன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

அப்பா ரசம் சாதத்தை நிதானமாகப் பிசைந்தார். "அந்த ராஜாக்களுக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும்மா" என்றார்.

"அப்புறம் தாத்தா எதுக்குப்பா?"

"நேராக் காதுல வாங்கினா பதில் சொல்லியாகணும். சொன்னா பட்டம் போயிடும். தாத்தா சொல்றதை மட்டும் கேட்டுக்கிட்டா மானத்தோட உக்காந்திருக்கலாம். மூணு பேரும் அவரை விடாம வெச்சிருந்தது அதுக்குத்தான்."

பிறகு மகளைப் பார்த்து, அதுவரை எங்களிடம் காட்டாத தெளிவான ஆங்கிலத்தில், தன் தாத்தா வெள்ளைக்காரனுக்கும் சேவகம் செய்தவர்தான், நீ கேட்டது நியாயமான கேள்வி என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்துபோய் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இத்தனை மாசமா அவ பேசினதெல்லாம் புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"எல்லாம் புரிஞ்சுதும்மா. நீ எனக்காக மாத்தி மாத்திச் சொன்னியே, அதைக் கேக்கத்தான் சும்மா இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.