மிதக்கிற மரத்தில் ஒரு வாசல் நிலை

கிண்ணியா மரக்காலையில் ஜெமீல் மரம் அளக்கத் தொடங்கி, 2024 ஓகஸ்டோடு முப்பத்தொரு வருடம் ஏழு மாதம். அளவு நாடாவை நீட்டுமுன் மரத்தில் ஒரு சிராயைச் செதுக்கி வாளித் தண்ணீரில் போடுவார். தாழ்ந்தால் வீட்டு மரம்; மிதந்தால் பெட்டிப்பலகை. ஊரில் யாரும் அந்த வாளியை மறுத்துப் பேசியதில்லை.

கடைசியில் அந்த வாளியே அவரை மாட்டிவிட்டது. மகள் பஸ்மியாவின் நிக்காஹ் குறித்தாயிற்று. ஊர் வழக்கப்படி மகளுக்குக் கொடுக்கும் வீடும் எழும்பிவிட்டது. வாசல் நிலை மட்டும் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா பல்கீஸ் பாலை மர நிலை கேட்டிருந்தார். நாலு பேர் முன்னிலையில் ஜெமீலும் ஒப்புக்கொண்டிருந்தார். பாலை மரம் வெட்டப் பெர்மிட் கிடைக்கவில்லை. நிக்காஹுக்கு மிச்சம் பத்தொன்பது நாள். மரக்காலையில் கிடந்ததோ கொழும்பிலிருந்து லொறியில் வந்த ரஷ்யப் பைன். சிராய் மிதந்தது.

“பல்கீஸ் ராத்தா கலியாணத்தையே நிப்பாட்டிப் போடுவா,” என்றார் ஜெமீல்.

“வாளிய விட்டிட்டு வெட்டுமுகத்தப் பாருங்கோ காக்கா,” என்றார், ஜெமீலை அண்ணனாய் மதிக்கும் தச்சர் யோகலிங்கம்.

பாலையில் வளையம் தெளிவாகத் தெரியாது. இதிலோ தலைமயிர் பதித்தாற்போல் வரிவரியாக இருந்தது. பட்டை ஓரத்திலிருந்து ஜெமீல் பென்சில் நுனியால் இரண்டு தரம் எண்ணினார். ஐந்து அங்குலத்துக்குள் 104.

பஸ்மியா புவியியல் ரீச்சர். ஜெமீல் வெட்டுமுகத்தைக் காட்டியதும் விளக்கினாள். “ஒரு கோடு ஒரு வருஷம், வாப்பா. ரஷ்யாவில பனிக்காலத்தில மரம் வளராது. உலகத்துக் காட்டில பாதிக்கு மேல அஞ்சு நாட்டிலதான் நிக்குது: ரஷ்யா, பிறேசில், கனடா, அமெரிக்கா, சீனா. அதில ரஷ்யா, கனடா மாதிரி வடக்குக் காட்டு மரத்திலதான் ஊர் ஊரா வீடு கட்டுறாங்க, தாள் செய்யிறாங்க. உங்கட அளவுக் கொப்பியும் அதில வந்ததா இருக்கும்.”

ஜெமீல் கொப்பியைத் தடவினார். பெட்டிப்பலகை என்று ஏசிய மரத்தின் மேலேதான் இத்தனை வருடமும் பாலையின் அளவை எழுதிவந்தாரா?

மறுநாள் பல்கீஸ் புது வீட்டுக்கு வந்ததும், நிலையில்லாத வாசலையும் பக்கத்தில் கிடந்த பைன் மரத்தையும் பார்த்தார். “எங்க காக்கா உங்கட வாளி?”

ஜெமீல் ஒளிக்கவில்லை. வாளியைக் கொண்டுவந்து பல்கீஸ் முன்னாலேயே சிராயைப் போட்டார். மிதந்தது. “பாலை கிடைக்கல்ல, ராத்தா. பொய் சொல்ல ஏலாது. இதையும் ஒருக்காப் பாருங்க.”

மரம் வெட்டி இரண்டு வருடம். அதைக் கழித்து எண்ணி, 27ஆவது கோட்டைத் தொட்டுக் காட்டினார். “இது உங்கட மகன் பிறந்த வருஷம்.” பிறகு 59ஆவது. “இது நீங்க.”

“என்ட வயச ஊருக்கே சொல்லுங்க!” பல்கீஸ் குனிந்தார். “அப்ப உள்ளுக்கு மிச்சம்?”

“நாப்பத்தஞ்சு. நாம ஒருத்தரும் பிறக்கல்ல.”

பல்கீஸின் விரல் அந்தக் கோடுகளின் மேல் வெகுநேரம் ஊர்ந்தது.

“நூறு பனிக்குத் தாக்குப்பிடிச்சது எங்கட வாசல்ல நிக்காதா? வையுங்க.” படியிறங்கியவர் திரும்பினார். “அந்த வாளியில இனி மாட்டுக்குத் தண்ணி வையுங்க காக்கா!”

செப்டெம்பர் 5, வியாழன் காலை 8.40க்கு நிலை நின்றது.