வெள்ளையாகவே நின்ற புட்டி

இன்று ஆய்வகத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் சோதனை. அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் எங்கள் ஊர் ஏரியிலிருந்து நைனா இரண்டு புட்டி மொண்டு கொடுத்தார். நாளை அவர் வலை போடப்போகும் இடத்துத் தண்ணீர். எங்கள் ஊரில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. நல்ல இடம் காத்திருந்தால்தான் கைக்கு வரும். நாளை நைனாவின் முறை.

மருந்தை ஊற்றியதும் மற்றவர்களின் புட்டியில் பழுப்பாகப் படிந்தது. என்னுடையது வெள்ளையாகவே நின்றது. ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம்.

"நீ எதையோ தப்பா பண்ணியிருக்க. திரும்பப் போடு," என்றார் மேடம்.

இரண்டாவது புட்டியும் வெள்ளை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். நைனா வலையில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணில மூச்சு வுடவே ஒண்ணும் இல்ல நைனா. மீனு, எறா எதுவும் நிக்காது."

"இன்னா பண்ணச் சொல்ற? நாளைக்கு வுட்டா இந்த மாசம் அவ்ளோதான்."

"வேற யார்கிட்டனா மாத்திக்க."

"நல்லாக்கீதே. செத்த தண்ணின்னு தெரிஞ்சிகினே அவன் தலையில கட்டவா? அவன் வூட்லயும் அடுப்பு எரியணும்ல."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாளைக்காகத் தோணியில் ஏற்றிவைக்கப் போய்விட்டார்.

வேதியியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், நான் எங்கே பிசகியிருக்கலாம் என்று எழுதுங்கள். மருந்தின் அளவு தவறிவிட்டதா, பஸ்ஸில் வெயில் பட்டுவிட்டதா, எதுவானாலும் சரி. இந்த ஒரு தடவை ஃபெயிலாகவே ஆசைப்படுகிறேன்.