துண்டுக்குள் கேட்ட கேள்வி

ராஜம்மா அக்காவின் மகன் சேகரின் போன் வந்தபோது நான் பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டில் கன்னத்தில் ஷேவிங் சோப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா..." என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. இரண்டரை வருஷமாக அத்திபெலேயிலிருந்து வந்த ஒவ்வொரு போனையும், இந்தச் செய்தியாக இருக்குமோ என்று பயந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை ஏதோ நினைப்பில் பயப்படாமல் எடுத்துவிட்டேன். அன்றுதான் வந்தது.

புளி மண்டி ராஜம்மா அக்காவை இதைப் படிக்கும் வியாபாரிகளில் பலருக்குத் தெரியும். ஓசூர்ப் பக்கத்து மலைப் புளி பெங்களூருக்குள் நுழைவதற்கு முன் அத்திபெலேயில் அவர் தராசில் ஏறி இறங்கித்தான் வரும். புருஷன் போன பிறகு அவர் மண்டியை விற்றுவிடுவார் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அவர் விற்கவில்லை. துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார்.

துண்டு எதற்கு என்று வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். வாங்குகிறவர் விற்கிறவரின் இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. கட்டுப்படியாகாவிட்டால் விற்கிறவர் இன்னொரு விரலையும் அந்தக் கைக்குள் தள்ளுவார். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் முதன்முதலாக வியாபாரியாக அவர் முன் போய் நின்றபோது, ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டுத் தயங்கினேன்.

"இன்னா கோபாலு, பொண்ணு பாக்க வந்தியா, புளி வாங்க வந்தியா? கையக் குடு" என்றார். மண்டி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எனக்கு நல்ல விலை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை அக்கா துண்டுக்குள் சொன்ன விலையை வேறொரு மண்டியில் போய்ச் சொல்லி, அதைக் காட்டிக் குறைத்து வாங்கினேன். எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. சண்டை போடவில்லை. அந்தப் புளி சீசன் முழுக்க எனக்குக் கையே கொடுக்கவில்லை. "துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்றவன் கைய நான் தொடமாட்டேன்" என்று என் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு யார் விலையையும் நான் வெளியே விட்டதில்லை.

எழுபத்தொரு வயதில் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில்தான் அது தெரிந்தது. வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பெங்களூர் டாக்டரிடம் நானும் கூடப் போயிருந்தேன். உடைந்தால் வீடு போய்ச் சேர நேரம் இருக்காது, எப்போது உடையும் என்று சொல்ல முடியாது என்றார். ஆபரேஷன் செய்தால் இந்த இதயமும் இந்தக் கிட்னியும் தாங்குமா என்றும் சொல்ல முடியாதாம். தாங்கினாலும் பழையபடி எழுந்து நடப்பார் என்று உறுதி கொடுக்க முடியாதாம்.

"என்ன டாக்டரே, இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாதுன்னா தராசு முள்ளு எங்கதான் நிக்கும்?" என்று கேட்டார் அக்கா.

டாக்டர் நல்லவர். "நீங்கதாம்மா சொல்லணும்" என்றார்.

எந்தச் சரக்கையும் ஒரு பிடி அள்ளிப் பார்த்து இன்ன விலை பெறும் என்று சொல்லிப் பழகியவன் நான். அந்த அறையில் எனக்கு எதையும் மதிப்பிடத் தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் காரை மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு. மகள் விஜயா, மகன் சேகர், நான், மூன்று பேரையும் அக்கா வரச்சொன்னார். மடியில் துண்டு இருந்தது.

"ஒரு விரலப் புடிச்சா அறுத்துக்கோன்னு அர்த்தம். ரெண்டு விரலப் புடிச்சா உட்டுடுன்னு அர்த்தம். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. நாளைக்கு நான் போயிட்டா, உன்னாலதான் என்னாலதான்னு மூணு பேரும் அடிச்சுக்கக்கூடாது."

"என்னம்மா இது, புளி வியாபாரமா?" என்று சேகர் கத்தினான்.

"புளியா இருந்தா உங்களக் கேட்டிருப்பேனாடா?"

முதலில் விஜயா போனாள். பிறகு சேகர். கடைசியில் நான். இரண்டு விரலைப் பிடித்தேன். அக்காவின் நன்மையை நினைத்துப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான், அது பொய். என் மனைவியை ஆபரேஷன் அறைக்குள் அனுப்பிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். கதவைத் திறந்து வந்த டாக்டர் முதலில் தரையைப் பார்த்தார். அந்தப் பெஞ்சில் இன்னொரு தடவை உட்கார எனக்குத் தைரியமில்லை. அதற்காகத்தான் இரண்டு விரல்.

அக்கா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆயிடுச்சு. அறுக்க வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு இருந்த காலம் நல்ல காலமா என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்தார், சாப்பிட்டார், தராசைப் பார்த்துக்கொண்டார், பேத்தியின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். ஆனால் அவர் தும்மினால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நின்றுவிடுவார்கள். குனிந்து செருப்பை எடுத்தால் சேகர் ஓடி வருவான். "வெடிகுண்டு வருது, வழி உடுங்கடா" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். சிரிப்போம். சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்துவிடும்.

ஒரு நாள் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டு வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"வலிக்குதா அக்கா?"

"இல்லப்பா. மேல ஒண்ணு துடிக்குதில்ல, அது மாதிரி இங்கயும் ஒண்ணு துடிக்குது. கை வெச்சா தெரியுது. எந்நேரமும் அத எண்ணிக்கினே இருக்கேன். வேற கணக்கே ஓட மாட்டேங்குது."

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

போன வாரம், முதல் லாரி இறங்கிக்கொண்டிருந்தபோது, முதுகு வலிக்கிறது என்று மூட்டை மேல் உட்கார்ந்தாராம். காரைக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் சேகர் என்னைத் தனியாக அழைத்துப் போனான். முகம் வெளிறியிருந்தது.

"மாமா, நான் ரெண்டு விரலப் புடிச்சேன். ஆபரேஷன் டேபிள்லயே போயிடுமோன்னு பயந்து புடிச்சேன். நான்தான் கொன்னுட்டேனா?"

துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று அக்காவிடம் அடிபட்டுக் கற்றவன் நான். ஆனாலும் சொன்னேன். "நானும் ரெண்டுதான்டா."

பின்னால் விஜயா நின்றுகொண்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை.

"நான் ஒரு விரலத்தான் புடிச்சேன்" என்றாள். சேகர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "டேய், முழுசாக் கேளுடா. ஒரு விரலத்தான் புடிச்சேன். அம்மாவே ரெண்டாவது விரல என் கைக்குள்ள தள்ளுச்சு. நான் உடல, திரும்பவும் ஒண்ணையே புடிச்சேன். திரும்பவும் தள்ளுச்சு. மொதல்ல போனது நான்தானே? உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அது முடிவு பண்ணிடுச்சுடா."

சேகர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதான். விஜயா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியென்றால் எங்களை எதற்குக் கேட்டார்? மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். இருபது வருஷ வியாபாரத்தில், விரல் பிடித்து முடிந்ததும் கையை எடுத்துவிடுகிறவர் அவர். அன்று நான் இரண்டு விரலைப் பிடித்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. மேலே முகம் எப்போதும்போல இருந்தது, "என்னப்பா, மூஞ்சி செத்துப் போச்சு?" என்று வாய் என்னைக் கேலி செய்தது. உள்ளே கை மட்டும் என் கையை நெரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் எதிரில், பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அக்காவுக்குத் தெரியாது. விலை கேட்கிறார் என்று நினைத்து, நான் பதில் சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடியைத்தான். நம் வயதில் இனி யாராவது ஒருவர் ஸ்கேன் கவரோடு வந்து, அறுத்துக்கொள்ளவா வேண்டாமா என்று கேட்கத்தான் போகிறார். எனக்குப் பதில் தெரியாது. எனக்கும் பயம்தான் என்று அவரிடம் சொல்லுவேன். அவராக விடும்வரை கையை எடுக்கமாட்டேன்.