ஞானஜோதியின் காமாலை

லாசரஸ் பீர்க்கன்கரணையில் பெயிண்டர். அவன் மனைவி ஞானஜோதிக்குத் தாம்பரம் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூலை வெட்டிவிட்டு, தையல் பிசகினதைத் திருப்பி அனுப்புவாள். சர்ச் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

வாரத்தில் ஆறு நாள் லாசரஸ் பாட்டிலைத் தொடமாட்டான். சனிக்கிழமை உட்கார்ந்தால் முழு பாட்டிலும் காலியாக வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை ஜிஎஸ்டி ரோட்டில் வேன் இடித்துக் கால் முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த அன்று ஞானஜோதி சொன்னாள்:

"குடிக்கிறதுன்னா வூட்லயே குடிய்யா. நானும் பக்கத்துல குந்திக்கிறேன். ரோட்ல உன்னைத் தேடிகினு அலைய என்னால ஆவாது."

முதலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். ஒரே மகள் கெசியா கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு வருஷத்துக்குள் பாட்டிலில் பாதி அவளுடையதாயிற்று. லாசரஸ் இரண்டு டம்ளரையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துச் சமமாக ஊற்றுவான். ஊரில் மற்றவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறான், நான் சரிபாதி கொடுக்கிறேன் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. அந்தச் சாயங்காலங்களில் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஒரு சனிக்கிழமை அவன் வருவதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு இறங்கியவள், வாசலிலேயே விழுந்தாள். வேலை முடிந்து லாசரஸ் வந்தபோது பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். லாசரஸ் அதே வாசலில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறான். அப்போதெல்லாம், "அண்ணன் இன்னிக்கு ஓவரு" என்று சிரித்தபடி நாலு பேர் தூக்கிவந்து படுக்க வைப்பார்கள். அவளை அவன் ஒருவனாகத்தான் தூக்கினான்.

மூன்றாம் நாள் வீட்டுச் சொந்தக்காரி சரசு வந்தாள். "பொம்பள குடிக்கிற வூடுன்னா நாலு பேர் இன்னா பேசுவாங்க? வேற வூடு பாத்துக்கப்பா."

ஊரப்பாக்கத்துக்குப் போனார்கள். ஞானஜோதி பாட்டுக் குழுவிலிருந்து தானாகவே நின்றுகொண்டாள். சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவள் கண் மஞ்சளித்தது. எல்லோரும் காமாலை என்றார்கள். கிளினிக்கில் வெளிச்சாப்பாடு உண்டா, தண்ணீர் காய்ச்சிக் குடிப்பதுண்டா என்று கேட்டார்களே தவிர, குடிப்பாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. லாசரஸும் சொல்லவில்லை. அவள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டான். நாலு மாதம் கீழாநெல்லியும் பத்தியமும் நடந்தன. உடம்பு கொஞ்சம் தேறினாற்போல் தெரிந்தால், சனிக்கிழமை மறுபடியும் இரண்டு டம்ளர் வரும். கால் வீங்கி, வயிறு நிறைமாதம்போல் ஆன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே இளம் டாக்டரம்மா ஒருத்தி நேராக ஞானஜோதியைப் பார்த்துக் கேட்டாள். "ட்ரிங்க்ஸ் எடுப்பீங்களாம்மா?"

"சர்ச்சுக்குப் போறவ அவ, டாக்டர்" என்றான் லாசரஸ்.

"நீ சும்மா இருய்யா" என்றாள் ஞானஜோதி. "எழுதிக்கோம்மா. ஆறு வருசமா குடிக்கிறேன். அவரு எவ்ளோ குடிக்கிறாரோ அவ்ளோ."

டாக்டரம்மா அவனுக்கும் ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்தாள். அவன் ஈரலில் கொஞ்சம் கொழுப்பு மட்டும்தான். ஞானஜோதியின் ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே அளவுதானே டாக்டர் குடிச்சோம்?"

"அளவு ஒண்ணுதான், உடம்பு ஒண்ணு இல்லையே. அதே அளவு குடிச்சாலும் லேடீஸுக்கு ரத்தத்துல அதிகமா ஏறும். ஈரலும் சீக்கிரம் கெடும். நாலு மாசம் முன்னாடியே நிறுத்தியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

லாசரஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்தான். சமமாக ஊற்றின கையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். உள்ளே போனதும் ஞானஜோதி, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

பதினேழாம் நாள் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தில் போதகர் காமாலை என்றே சொன்னார். ஓசூரிலிருந்து வந்த கெசியாவும் கேட்டவர்களிடம் அதையே சொன்னாள். கல்லறையிலிருந்து திரும்பியதும், கூட வேலை செய்யும் ஜேசன் ஒரு குவார்ட்டரை டம்ளரில் ஊற்றி லாசரஸின் கையில் கொடுத்தான். "போடுங்கண்ணா. இல்லன்னா தாங்காது."

பீர்க்கன்கரணைப் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. "குடிக்கட்டும் பாவம், பொண்டாட்டிய பறிகொடுத்தவன்" என்றாள் சரசு.

லாசரஸ் நிமிர்ந்தான். "அவ காமாலையில சாவலக்கா. குடிச்சு செத்தா. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

சரசு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "துக்கத்துல உளர்றாரு" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கெசியாவை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

இன்னொரு முறை சொல்ல அவனிடம் தெம்பு இல்லை. டம்ளரை வாயில் கவிழ்த்தான். ஜேசன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.